சனிப் படம் எப்ப வருது?

தியேட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்காது, ஆனால் "படம் எப்படி?" என்று ஊர் முதலில் கேட்பது அவர்களைத்தான். மருந்துக் கடையிலோ, பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலிலோ, எங்காவது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால், இந்தக் கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காரைக்காலில் இரண்டு திரை உள்ள ஒரு தியேட்டரில் பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தேன். இப்போது ஐந்து வருஷமாக அங்கேயே மேனேஜர். வீடு நெரவியில். பெயர் தனலட்சுமி, முதலாளிக்குத் தனம், வாடிக்கையாளர்களுக்கு மேனேஜரம்மா. சமீபத்தில் ஒன்றரை வருஷம் என் காதில் விழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: "சனிப் படம் எப்ப வருது?"

சனிக் கிரகத்துக்கு ஒரு விண்கலம் போகிற கதை. படத்துக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஏதோ வைத்திருந்தார்கள். சனீஸ்வரன் சன்னிதி இருக்கும் திருநள்ளாறு எங்களுக்குப் பக்கத்து ஊர் அல்லவா, ஜனங்கள் அந்தப் பெயரைத் தொடவே இல்லை. முதல் நாளிலிருந்து அது சனிப் படம்தான்.

பதினோரு பேர்

நான் கவுண்டரில் சேர்ந்த புதிதில் ஒரு காலயந்திரப் படம் போட்டோம். இரண்டாம் நாள் மதியக் காட்சிக்கு வந்தது பதினோரு பேர். கதாநாயகன் இருபது வருஷம் பின்னால் போவான், அங்கிருந்து இன்னொரு இருபது வருஷம் பின்னால் போவான். இடைவேளை விளக்கு எரிந்ததும் நாலு பேர் படம் முடிந்துவிட்டதென்று எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆபரேட்டர் கலியபெருமாள் அண்ணன் மேலே அறையிலிருந்து கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அன்றோடு முதலாளி ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் நம் தியேட்டரில் ராக்கெட் கிடையாது, ரோபோ கிடையாது, காலயந்திரம் கிடையவே கிடையாது. பல வருஷம் அது சட்டம் மாதிரி நடந்தது. எனக்கு மட்டும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் வெளியே வரும்போது சொன்னது மறக்கவில்லை. "ஒன்னும் புரியலைங்க. ஆனா ஏ.சி. நல்லா இருந்துச்சு. நாளைக்கும் இதே படம்தானே?"

ஐம்பது விநாடி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசிக் கடைசியில், ஒரு குடும்பப் படத்தின் இடைவேளையில் சனிப் படத்தின் டீசரைப் போட்டோம். ஐம்பது விநாடிதான். வசனம் கிடையாது. இருட்டிலிருந்து வளையத்தோடு ஒரு பெரிய கோளம் மெல்ல எழும்பும்; அதற்கு முன்னால் கொசு அளவில் ஒரு கலம். இடைவேளையில் எங்கள் தியேட்டரில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் சமோசா வரிசையில் இருப்பார்கள், பாதிப் பேர் போனில் இருப்பார்கள். அன்றைக்கு வாசல் வரை போனவர்கள் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. "கதவச் சாத்துங்கய்யா!" என்று யாரோ அதட்டினார்கள். ஒரு விளம்பரத்துக்காகக் கதவைச் சாத்தச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கியதைத் தெருவே கூடி டிவியில் பார்த்த ஜனங்கள்தானே இவர்கள். பதினோரு பேர் காலம் போய்விட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் விட்டதும் காரைக்கால்மேடு செல்வமணி கவுண்டருக்கு வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர். மீன் குஞ்சு பொரிக்கிற இரண்டு மாசம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, அதற்குத் தடைக்காலம் என்று பெயர். அந்த இரண்டு மாசமும் செல்வமணிக்கு எங்கள் தியேட்டர்தான் கடல். மற்ற பத்து மாசம் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். சனிப் படம் எப்போது என்று கேட்டார். கோடையில் வருகிறதாம் என்று சொன்னேன். விரல் விட்டு எதையோ எண்ணினார். "தடை முடியறதுக்குள்ள கொண்டாந்துடுங்க மேனேஜரம்மா. கடலுக்குப் போய்ட்டா எனக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது."

பார்வை

படத்தின் பெரிய பேனர் வந்தது. இருபதடி உயரத்தில் சனிக் கிரகம், வளையம், நட்சத்திரங்கள். வாசல் சுவரில் மாட்டினோம். மறுநாள் காலையில் எதிர்ச்சாரி டீக்கடை ராமையன் வந்து நின்றார். முகம் சரியில்லை. அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். திருநள்ளாற்றுக்குப் போய் நளன் குளத்தில் முங்கிவிட்டு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறதாம். "பார்வை நேரா என் கல்லாப் பெட்டி மேலயே விழுதும்மா," என்றார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கே அஷ்டமத்தில் சனி இருந்தபோது நான் செய்யாத பரிகாரம் கிடையாது. பேனரைக் கழற்றி, தெருமுனைப் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள கல்லூரிப் பிள்ளைகள் தினமும் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். எடுத்து முடித்துவிட்டு டீ குடித்தார்கள், தெருமுனையில் இருந்த இன்னொரு கடையில். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த ராமையன் மூன்றாவது வாரம் மறுபடி வந்தார். "பழைய இடத்துலயே மாட்டிடுங்கம்மா. பார்வைய நான் எள்ளு விளக்குப் போட்டுச் சமாளிச்சுக்கறேன்."

டியூட்டி மாற்றம்

கோடையில் படம் வரவில்லை. கிராபிக்ஸ் வேலை பாக்கி இருக்கிறதாம். மாங்கனித் திருவிழாக் கூட்டத்துக்கு வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. தீபாவளி என்றார்கள். பிறகு பொங்கல் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பேனரில் தேதி இருந்த இடத்தில் காகிதம் ஒட்டிப் புதுத் தேதி எழுதினோம். ஒட்டி ஒட்டி அந்த இடம் மட்டும் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. "சனிக்கு மந்தன்னு இன்னொரு பேரு உண்டு. மெதுவாத்தான் வருவாரு," என்று கலியபெருமாள் அண்ணன் சமாதானம் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், தள்ளிப் போகப் போகக் கேள்வி குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. மற்றப் படமாக இருந்தால் இரண்டாவது தேதியிலேயே ஊர் மறந்திருக்கும்.

கேட்டவர்களில் ஜெயந்தி என்று ஒரு நர்ஸ். முதல் நாள் முதல் காட்சிதான் பார்ப்பேன் என்று வைராக்கியம். தேதி சொன்னதும் ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிக்கொள்வாள். தேதி மாறியதும் மறுபடி மாற்றுவாள். பொங்கல் தேதியும் போன அன்று எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது ஜெயந்தி இல்லை, கூட வேலை பார்க்கிற அம்மாள். குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது. "மேடம், இந்தப் படத்துக்காக ஜெயந்தி நாலு தடவை டியூட்டி மாத்திட்டா. நாலு தடவையும் மாத்திக்கிட்டது நான்தான். படம் வந்தா வருது, என்னோட நாலு ஞாயித்துக்கிழமைய யாரு குடுப்பா?"

பாத்தி

ஐந்தாவது தேதி உறுதி என்றார்கள். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. கூடவே வில்லங்கமும் வந்தது. அதே வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் அரிவாள் படம். எங்களிடம் பெரிய திரை ஒன்று, சின்னத் திரை ஒன்று. எதற்கு எது? முதலாளி யோசிக்கவே இல்லை. அரிவாளுக்குப் பெரிய திரை, சனிக்குச் சின்னது என்று சொல்லி, அப்படியே படக் கம்பெனிக்கு எழுதியும் அனுப்பச் சொல்லிவிட்டார். அவருக்கு நெரவிப் பக்கம் நிலம் உண்டு. எதையும் நெல்லை வைத்துத்தான் யோசிப்பார். அரிவாள் படம் ஊருக்குத் தெரிந்த ரகம், பூச்சி விழாது என்றார்.

நான் விடவில்லை. சனிக்குப் பெரிய திரை கொடுங்கள் என்றேன். அவர் அந்தப் பதினோரு பேரை எடுத்துப் போட்டார். ஒன்றரை வருஷமாகக் கவுண்டரில் கேட்கிற கேள்வியை நான் எடுத்துப் போட்டேன். கடைசியில், "கூட்டம் வரலைன்னா மேனேஜர் நாற்காலி வேணாங்க, பழையபடி கவுண்டருக்கே போய்டறேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைக்கிறார் என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். "புது விதைய எடுத்தவுடனே பெரிய வயல்ல போடக்கூடாது தனம். பழைய ராக்கெட் படம் ஏதாவது ஒன்ன சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஓட்டு. பாத்தியில முளைச்சா உன் பேச்சு. முளைக்கலைன்னா என் பேச்சு."

சத்தம்

பாத்திக்கு, தமிழ் பேச வைத்த ஒரு பழைய வெளிநாட்டு விண்வெளிப் படத்தை வரவழைத்தோம். முப்பரிமாணப் படம். சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பின்வரிசை மட்டும்தான் காலி. இடைவேளையில் ஒரு பெரியவர் கையை ஆட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவர் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்; இங்கே அப்படிப்பட்டவர்களை இன்னமும் அந்த வார்த்தையால்தான் சொல்கிறோம். காதில் கேட்கிற கருவி மாட்டியிருந்தார். "விண்வெளியில காத்தே கிடையாது மதாம். காத்து இல்லாம சத்தம் எப்படி வரும்? உங்க தியேட்டர்ல மட்டும் ராக்கெட் இந்த அலறு அலறுது," என்றார். அவர் சொன்னது விஞ்ஞானப்படி சரிதான்.

மேலே போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்த மறு விநாடியே முன்வரிசையிலிருந்து "சவுண்டு! சவுண்டு!" என்று விசில். நானூறு பேர் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம். வேறு வழியில்லாமல் சத்தத்தை ஏற்றச் சொல்லிவிட்டு, பெரியவரைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். படம் முடிந்து முறைத்துக்கொண்டு வருவார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காதுல இருக்கற மெஷின கழட்டிட்டேன் மதாம். அப்பறம்தான் படம் சரியா இருந்துச்சு."

கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை மூன்று காட்சியும் நிறைந்தது. முப்பரிமாணக் கண்ணாடியைக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுப்போம், வாங்கும்போது எண்ணி வாங்குவோம். அன்றைக்கு ஒன்று குறைந்தது. திங்கட்கிழமை காலையில் நெரவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி, கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். திருடவில்லை, மூக்கில் இருந்ததை மறந்துவிட்டேன் என்றார். மூக்கில் இருந்தால் வழியில் வீடு வரைக்கும் யாருமா சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு உண்மையைச் சொன்னார். "வீட்டு டிவியில போட்டுப் பாத்தேங்க, ஒன்னும் கிட்ட வரலை. சீரியல் மாமியா கிட்ட வந்து நின்னா என்ன பண்றதுன்னு எங்க வீட்ல கழட்டச் சொல்லிட்டாங்க."

வாஞ்சூர் தாண்டி

பாத்தி முளைத்துவிட்டது. முதலாளி பேச்சு மாறாதவர். பெரிய திரையை எனக்குக் கொடுத்துவிட்டார். முன்பதிவு தொடங்கிய அன்று ஆன்லைனில் டிக்கெட் போட்டதும் மளமளவென்று போனது. ஆனாலும் கவுண்டருக்கு வந்து நின்றவர்கள் நிறைய. நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்திருந்தார். வாஞ்சூர் எல்லை வழியாக எங்கள் ஊருக்குள் வருகிறவர்கள் பொதுவாக எதற்காக வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் விலை மலிந்த பிராந்திக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இவரோ நேராக எங்களிடம் வந்தார், நாலு டிக்கெட் வாங்கினார், ஒரு பக்கமும் திரும்பாமல் போகப் போனார். போனவர் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு உதவி கேட்டார். "சனிப் படத்துக்கு டிக்கெட் எடுக்கத்தான் வாஞ்சூர் தாண்டிப் போறேன்னு சொன்னா வீட்ல நம்பலைங்க. டிக்கெட் பின்னாடி நேரம் போட்டு, உங்க சீல் ஒன்னு வெச்சுக் குடுங்களேன்."

சாவி

இப்போதெல்லாம் படம் பெட்டியில் வருவதில்லை. படம் ஒரு டிஸ்கில் வரும். அதைத் திறக்கிற சாவி இமெயிலில் தனியாக வரும். எந்தத் திரையின் மெஷினுக்கு என்று எழுதிக் கொடுத்தோமோ அந்த மெஷினில் மட்டும்தான் அந்தச் சாவி திறக்கும். வெள்ளிக்கிழமை காலைப் பத்து மணிக் காட்சி. ஒரு நாற்காலி காலியில்லை. தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம். செல்வமணி தன் படகு ஆட்கள் அத்தனை பேரோடும் மூன்றாவது வரிசையில். நர்ஸ் ஜெயந்தியும் இருந்தாள், பக்கத்தில் அந்த நாலு ஞாயிற்றுக்கிழமை அம்மாளும் இருந்தார். கலியபெருமாள் அண்ணன் பொத்தானை அழுத்தினார். படம் வரவில்லை. சாவி சின்னத் திரைக்கு வந்திருந்தது. பெரிய திரையை அடம்பிடித்து வாங்கிய நான், மாற்றிவிட்டோம் என்று சாவி கொடுக்கிற இடத்துக்குச் சொல்ல மறந்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

அரிவாள் படத்தின் சாவியும் இப்படித்தான் மாறியிருந்தது, நல்லவேளையாக அதற்கு முதல் காட்சி மதியம். புதுச் சாவிக்கு எழுதிப் போட்டோம், போன் மேல் போன் போட்டோம். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போனேன். டெக்னிக்கல் கோளாறு என்று சொல்லிவிடலாம், எல்லாத் தியேட்டரிலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. "தப்பு என்னுதுதாங்க. சாவிய மாத்தி வாங்கிட்டேன். ஒரு மணி நேரம் ஆகும். போறவங்களுக்குப் பணம் திருப்பித் தர்றேன்," என்றேன். செல்வமணி எழுந்து நின்றார். போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் திரும்பி ஜனங்களைப் பார்த்து, "அந்தம்மா ஒத்துக்கிட்டாங்கல்ல, உக்காருங்கய்யா. ஒன்றரை வருஷம் இருந்தாச்சு, ஒரு மணி நேரத்துல என்ன?" என்றார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ராமையன் கடையிலிருந்து டீ வாளி வாளியாக வந்தது. பதினொன்றே காலுக்குத் திரையில் வளையம் எழும்பியபோது கிளம்பிய சத்தம் எனக்கு மாடிப்படி வரைக்கும் கேட்டது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த கலியபெருமாள் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படத்துல நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர் போறாங்க. நமக்குச் சின்னத் திரையிலேர்ந்து பெரிய திரைக்குப் போக ஒன்னே கால் மணி நேரம்."

கயிறு அழிக்கிற பிள்ளை

இரண்டாம் நாள் காலைக் காட்சி முடிந்து, கூட்டமெல்லாம் போன பிறகு ஒரு அம்மாள் மட்டும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மலர்க்கொடி. கோட்டுச்சேரிமேட்டுக்காரர், மீன் விற்கிறவர். கையில் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ். கண் கலங்கியிருந்தது. அவருடைய மகன் சென்னையில் கிராபிக்ஸ் ஆபீசில் இந்தப் படத்துக்கு இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறான். நடிகர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மிதக்கிற மாதிரி எடுப்பார்களாம்; பிறகு பிரேம் பிரேமாக எடுத்து அந்தக் கயிற்றை அழிக்க வேண்டுமாம். அதுதான் அவன் வேலை. "இங்க அவன் அப்பா வாழ்நாளெல்லாம் படகுல கயிறு கட்டுறாரு, அவன் அங்க கயிறு அழிக்கிறான்," என்றார். படத்தின் கடைசியில் பெயர் வரும், பாரும்மா என்று போனில் சொல்லியிருக்கிறான். இவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்க அவன் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறார். ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நாங்கள் விளக்கைப் போட்டுவிட்டோம், கதவைத் திறந்துவிட்டோம், முன்னால் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அவருக்கு முதுகுகள்தான் தெரிந்திருக்கின்றன.

எத்தனை வருஷமாக இதைச் செய்கிறோம்! பெயர் ஓடுகிற நேரம் எங்களுக்குப் பெருக்குகிற நேரம். அடுத்த காட்சிக்கு இருபது நிமிஷம் இருந்தது. மலர்க்கொடியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மேலே பார்த்து, "அண்ணே, கடைசிப் பேரு மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்க. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்," என்றேன். விளக்கு அணைந்தது. காலியான தியேட்டரில் நடு வரிசையில் நாங்கள் இரண்டு பேர். எறும்பு எறும்பாகப் பெயர்கள், மூன்று வரிசையில், மேலே ஏறி ஏறிப் போயின. நான் இடது வரிசை, அவர் வலது வரிசை. நாலு நிமிஷம் ஓடி முடிந்தது, கிடைக்கவில்லை. மலர்க்கொடி என்னைப் பார்க்காமல் ஜெராக்ஸை மடிக்க ஆரம்பித்தார். நான் கேட்பதற்கு முன்பே கலியபெருமாள் அண்ணன் மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை நடு வரிசையைப் பார்த்தோம். சந்துரு என்று நான் கத்துவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த முதல் எழுத்தின் வளைவை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு விநாடிகூட இருக்காது, பெயர் மேலே ஏறி மறைந்தது.

அவர் அழவில்லை. அதற்குப் பின்னால் ஓடிய பெயர்களையும் நின்றபடியே கடைசி வரை பார்த்தார். விளக்கு எரிந்த பிறகும் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இத்தன பேரு ஓடுதே… இவங்க அம்மாங்கள்லாம் எந்தெந்த ஊரு தியேட்டர்ல நின்னு தேடுறாங்களோ."

பெருக்குகிற நேரம்

அன்று மாலைக் காட்சியிலிருந்து பெயர் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் விளக்குப் போடக்கூடாது, கதவு திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். துப்புரவு வேலை பார்க்கிற அஞ்சம்மாளுக்குத்தான் இதில் கஷ்டம். நாலு நிமிஷம் குறைந்தால் பின்வரிசை பாப்கார்னை யார் பொறுக்குவது? விளக்குமாறோடு வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பார்க்கிறேன், உள்ளே சுவரோரம் சாய்ந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "இவ்வளவு பேருல, குப்ப கூட்டுனவங்க பேரு எங்கனயாச்சும் வருதான்னு பாக்கறேன்."

அடுத்த பயிர்

சனிப் படம் ஏழு வாரம் ஓடியது. அரிவாள் படம் மூன்றாவது வாரமே கிளம்பிவிட்டது. முதலாளி அடுத்து வரப்போகிற படங்களின் பட்டியலை என் மேஜையில் வைத்துவிட்டு, எதற்குப் பெரிய திரை என்று நீயே குறி என்றார். பட்டியலில் கடலுக்கடியில் ஊர் கட்டுகிற படம் ஒன்று. ஞாபகத்தை ஒருவர் மண்டையிலிருந்து இன்னொருவர் மண்டைக்கு மாற்றுகிற படம் ஒன்று. மழையே இல்லாத காலத்தில் இயந்திர மனிதர்கள் விவசாயம் பார்க்கிற படம் ஒன்று. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்று வந்தாலே அதிசயம். இப்போது ஒரே வருஷத்தில் மூன்று. மூன்றையும் பென்சிலால் இல்லை, பேனாவால் குறித்தேன்.

மூன்றாவது படத்தின் போஸ்டர் மட்டும் முதலில் வந்தது. சேற்று வயலில் இரும்பு ஆள் ஒன்று குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தது. நடவு முடிந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் அதைப் பார்த்து நின்றார்கள். மூத்தவராக இருந்தவர் கிட்டே வந்து, இரும்பு ஆளின் விரல்களையும் நாற்றுக் கட்டையும் உற்றுப் பார்த்தார். என்ன படம் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். எப்போது வருகிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். கூட வந்தவர்களைப் பார்த்து, வருவோமா என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "வர்றோம்மா. ஆனா நாத்துக் கட்ட இடது கையில புடிக்கச் சொல்லுங்க. இப்புடி நட்டா ஒரு குத்தும் நிக்காது."

எதிர்காலத்தைக் காட்டி டிக்கெட் விற்கிற எங்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்பது மட்டும்தான் தெரியாது, மற்றபடி எல்லாம் தெரியும்.